பதினொன்றாம் புள்ளி

அக்டோபர் 8, புதன்

காலை 6.10. புள்ளி 1. பத்து நிமிடம். பறவைகள் 14, குடும்பங்கள் 6.

இந்த மாதிரி எண்களைத் தவிர வேறெதையும் இதில் எழுதுவதாக இல்லை. திட்டத்தின் தலைவர் டாக்டர் இருதயராஜ், மலைக்குக் கீழே கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். டைரியைக் கையில் கொடுத்து, "கணக்குத் தாளில் வராதது இதில் வரட்டும், தினகர்" என்றார். தாளில் வராதது தேவையில்லாதது. நான் படித்தது கணினிப் பொறியியல். வரைபடமும் நிரலும் என் வேலை. குருவி பார்க்க நான் பிறக்கவில்லை. ஆள் இல்லாததால் பார்க்கிறேன்.

சரிவில் 12 புள்ளிகள். முதல் புள்ளி 1700 மீட்டர் உயரத்தில். பன்னிரண்டாவது 2150-இல். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் அசையாமல் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் குடும்பவாரியாக, புள்ளிக்கு ஒரு தாளில், எழுத வேண்டும். அடுத்த புள்ளிக்கு ஏறப் பத்து நிமிடம். 10.00-க்குப் பன்னிரண்டும் முடிந்தன.

எட்டு வரை பாதை இருக்கிறது. எட்டாவதை ஒட்டித் தீக்காவலர் கொட்டகை, அதன் கீழே ஜீப் வரும் சாலை. ஒன்பதிலிருந்து பாதை என்று ஒன்று இல்லை. வழுக்கும் பாறை, இடுப்பளவு புதர், அட்டை. பதினொன்றில் உயரமான சீகை (வாட்டில்) மரங்களும் அடியில் சோலைக்காட்டு மரக்கன்றுகளும். சிரிப்பான் கூட்டம் ஒன்று, 7 பறவைகள்.

மொத்தம் 131 பறவைகள், 17 குடும்பங்கள். அட்டைக்கடி 9. இறங்கிவர இரண்டு மணி நேரம். முழங்கால் வீங்கிவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

தங்கியிருப்பது தொட்டிப்பாறை என்ற மலையூரில், தபால் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை. துணி காயவில்லை. நேற்றைய சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

கேள்வி எளிது. எந்தப் பறவைக் குடும்பம் எந்த உயரத்தோடு நின்றுவிடுகிறது, ஏன்? சின்னான் குடும்பம் எல்லா உயரத்திலும் இருக்கும். சிரிப்பான் குடும்பம் உச்சிக் காட்டை விட்டு வெளியே வராது. நெட்டைக்காலி வாலாட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதற்குத் திறந்த வெளி வேண்டும். குடும்பத்தைச் சொல்லுங்கள், அது எந்த இடம் என்று சொல்கிறேன். டாக்டரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். ஏன் சிரித்தார் என்று கேட்கவில்லை.

கணக்கு இருவர் எடுப்பது. செவ்வாய்க்கிழமை செவ்வந்தி அக்கா, புதன்கிழமை நான். அறிக்கையில் நான் முதல் கணக்காளர், அவர் இரண்டாம் கணக்காளர். அக்கா இந்த ஊர்க்காரர், வயது நாற்பதுக்குள் இருக்கும், நான்கு வருடமாக இந்தத் திட்டத்தில் எண்ணுகிறார். பன்னிரண்டு புள்ளியிலும் மரத்தில் கட்டியிருக்கும், தானாகப் பதிவு செய்யும் வெப்பமானிப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. தாளையும் காட்டக்கூடாது. சொன்னால் இரண்டாவது ஆள் முதல் ஆளின் கண்ணால் பார்ப்பார். இரண்டு தாளும் தனித்தனியே ஒத்துப்போனால்தான் கணக்குக்கு மதிப்பு.

இந்தப் பருவத்துக்குத் தாளை நான் திருத்தி அமைத்தேன். 'குறிப்பு' என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். போன வருடத் தாள்களில் அதில் "மாடு வந்துச்சு", "வெறகுக்காரவுக சத்தம்" என்று அக்கா எழுதியிருந்தார். இதையெல்லாம் அட்டவணையில் எங்கே ஏற்றுவது?

இன்று மூடிய உறையில் தாள்களைக் கொடுக்க வந்தபோது கேட்டார்.

"எழுதறதுக்கு எடமே இல்லையே தம்பி இதுல."

"எண் போதும் அக்கா."

"பெறகு உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தப் புதர்ச்சிட்டையும் காட்டுக்குள்ள இருக்கற ஈப்பிடிப்பானையும் ஒரே குடும்பம்னு போட்டிருக்கீங்க. ஒண்ணு வெயில்ல காயுது, ஒண்ணு வெளிச்சமே ஆவாதுங்குது."

"மரபணு அப்படித்தான் சொல்லுது."

"சொல்லட்டும். எங்க வீட்டுலயும் அப்படித்தான். என் வீட்டுக்காரரு ஒரு மாதிரி, கொழுந்தன் ஒரு மாதிரி. பேப்பர்ல ஒரே குடும்பம்."

அக்டோபர் 15, புதன்

6.10 தொடக்கம். மழை. 8.40-க்கு எட்டாம் புள்ளி முடிந்தது. கொட்டகையில் ஒதுங்கினேன்.

12 தாள்களும் நிறைந்தன.

9.10 ஜீப்பில் இறங்கினேன். ஓட்டுநர் பிச்சைமணி, "என்ன சார், இன்னிக்குக் குருவியெல்லாம் சீக்கிரமே வந்து கையெழுத்துப் போட்டுருச்சா?" என்றார். சிரித்துவைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

போன வார எண்களில் ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்தால் வரும் எண்ணும், ஏறிப் போய் நின்றால் வரும் எண்ணும் புள்ளியியல்படி ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வாரத்தில் காட்டில் என்ன மாறிவிடும்? இதை நிரலாகவே எழுதிக் காட்ட முடியும்.

எழுதவில்லை. துணி துவைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊருக்குப் போகவில்லை. அம்மாவிடம் வேலை இருக்கிறது என்றேன்.

செவ்வந்தி அக்கா அதிரசம் கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே என் காலைப் பார்த்தார்.

"என்ன தம்பி, புதங்கெழம போயிட்டு வந்தீங்க, அட்டை ஒண்ணுகூடக் கடிக்கலையா? என் காலப் பாருங்க, சல்லடை."

"புகையிலை தடவிக்கிட்டேன்."

"அட, இஞ்சினீரு வேல."

இந்தத் திட்டம் முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று, பேச்சை மாற்றத்தான், கேட்டேன். வன அலுவலகத்தில் பறவை வழிகாட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். நவம்பர் 24 நேர்காணல். பத்தாவது படித்த பையன்கள் ஏழெட்டுப் பேர் போட்டிக்கு நிற்கிறார்கள். அக்கா படித்தது ஐந்தாவது. "நாலு வருசம் ஒழுங்கா எண்ணுனேன்னு டாக்டரய்யா ஒரு கடுதாசி குடுத்தா எடுத்துக்கறேன்னு ரேஞ்சரே சொல்லிட்டாரு தம்பி. அந்தக் கடுதாசிதான் எனக்குப் படிப்பு."

அதிரசம் நன்றாக இருந்தது. மூன்று சாப்பிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

6.10 முதல் 8.40. 12 தாள்கள்.

அக்டோபர் 29, புதன்

மழை இல்லை. மழை இல்லாமலும் எட்டோடு நின்றேன். இதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஜீப் வர அரை மணி நேரம் தாமதம். மேலேயிருந்து மரம் ஏற்றிய லாரிகள் இறங்கிவர வழி விட்டு நின்றதாம். "என்னமோ சீகை வெட்டுறாகளாம் சார், ஒரு வாரமா இதே ரோதன" என்றார் பிச்சைமணி. நான் கொட்டகையில் தாள்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். பதினொன்றில் சிரிப்பான் 6 என்று போட்டேன். 7, 8 என்று போன வாரங்களில் போட்டாயிற்று.

அக்டோபர் 30, வியாழன்

அக்கா உறையோடு வந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மேல பதினொண்ணுல பாத்தீங்கள்ல தம்பி..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார். "சரி சரி. பேசக் கூடாது."

"ஆமா அக்கா. பேசக் கூடாது."

"நீங்களும்தான் பாத்திருப்பீங்க. அப்பறம் நான் என்னத்துக்குச் சொல்லிக்கிட்டு."

என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் நான் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் கால் நகம் வெட்டினேன்.

நவம்பர் 5, புதன்

12 தாள்கள்.

நவம்பர் 10, திங்கள்

எல்லா உறைகளையும் பிரித்து, இருவர் எண்களையும் ஏற்றி, ஒப்பிடும் நிரலை ஓட்டினேன்.

புள்ளி 1 முதல் 8 வரை ஒத்துப்போவது நூற்றுக்கு 84. மிக நல்ல எண்.
புள்ளி 9, 10, 12: நூற்றுக்கு 35-க்குக் கீழே.
புள்ளி 11, கடைசி மூன்று வாரம்: நூற்றுக்கு 6.

பதினொன்றில் அக்டோபர் 21 முதல் அக்காவின் தாள்களில் சிரிப்பான் சுழியம். மரங்கொத்தி சுழியம். வெள்ளைக்கண்ணி சுழியம். அதற்குப் பதிலாக நெட்டைக்காலி 2, புதர்ச்சிட்டு 3. காட்டுக்கு நடுவில் நெட்டைக்காலி. நிரல் அந்தக் கட்டங்களைச் சிவப்பாக்கிவிட்டது: "இந்தக் குடும்பம் இந்த வாழிடத்தில் இருக்க இயலாது." அந்த விதியை நிரலில் எழுதியதும் நான்தான்.

முதலில் வந்தது சிரிப்பு. அதை மறைக்க விரும்பவில்லை. 'அக்காவும் மேலே போகவில்லை' என்று நினைத்தேன். அவரும் கொட்டகையில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறார். என்ன, ஒழுங்காகப் பொய் எழுதத் தெரியவில்லை. எந்தக் குடும்பம் எங்கே இருக்கும் என்று தெரியாமல் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறார். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஒரு மாதமாக அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அது போயே போய்விட்டது. இரண்டு பேரும் ஒன்றுதான்.

நன்றாகப் பசித்தது. பரோட்டா வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

டாக்டருக்கு அறிக்கை அனுப்பினேன். ஒத்துப்போகாததற்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே வாக்கியம்: "மேல் நான்கு புள்ளிகளில் இரண்டாம் கணக்காளரின் தாள்கள் நம்பத்தகுந்தவை அல்ல."

எழுதிவிட்டு நான்கு முறை படித்தேன். எழுத்துப்பிழை இல்லை.

நவம்பர் 13, வியாழன்

மலைக்கு மழை எச்சரிக்கை. நேற்றும் கணக்கு இல்லை.

டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"செவ்வந்தி இப்படிச் செய்வாங்கன்னு நான் நினைக்கல தினகர். நாலு வருஷம். உன் தாள் எல்லாம் ஒரே சீரா இருக்கு, அவங்களது தாறுமாறா இருக்கு. பார்த்தா தெரியுது. வேற என்ன செய்ய? அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம்னு சொல்லிரு. அந்த லெட்டர் கேட்டிருந்தாங்க. அதை நான் எப்படிக் கொடுக்கறது? பொய்ச் சான்றாயிடும்."

"சரி சார்."

"நீ பக்குவமா சொல்லு. நல்ல மனுஷி."

"சரி சார்."

இரண்டு முறை சரி என்றேன். இடையில் மூன்று நான்கு நொடிகள் இருந்தன. அந்த நொடிகளில் எத்தனையோ சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை 11 மணிக்கு வந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்தார். நான் உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. மேல் புள்ளிகளில் எண்கள் ஒத்துவரவில்லை, டாக்டர் இனி வர வேண்டாம் என்கிறார், கடிதமும் இப்போதைக்கு இல்லை என்றேன். பக்குவமாகச் சொல்ல எனக்கு வராது. நேராகத்தான் சொன்னேன். வழக்கமாக அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

"எது ஒத்து வரல?"

"ஒன்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும். முக்கியமா பதினொண்ணு."

"பதினொண்ணா?" என்று கேட்டார். "நீங்க அங்கிட்டு என்ன எழுதுனீங்க?"

"காட்டக் கூடாது அக்கா. விதி."

"சரி, காட்ட வேணாம். நின்னீங்கள்ல, பதினொண்ணுல? ஒவ்வொரு வாரமும்?"

"நின்னேன்."

"மழையா இருந்துச்சே. என்ன பண்ணுனீங்க?"

"மரத்தடியில ஒதுங்கிக்கிட்டேன்."

"பதினொண்ணுல. மரத்தடியில."

"ஆமா."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. கோபம் என்று சொல்ல முடியாது. கடைக்காரர் மீதிச் சில்லறையைத் தவறாகக் கொடுத்ததைப் பார்த்தும், இவனிடம் என்ன பேச்சு என்று திரும்பி நடப்பவரைப் போல. "சரி தம்பி" என்றார். குடையை எடுத்தார். வெப்பமானிப் பெட்டிகளின் சாவிக் கொத்தை மேசையில் வைத்தார்.

"ஒம்பதுலயும் பதினொண்ணுலயும் பேட்டரி போற நேரம். நீங்கதான் போய் எடுத்துக்கணும்."

நவம்பர் 15, சனி

எழுத எதுவும் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

'மரத்தடியில.' ஏன் அதைத் திருப்பிச் சொன்னார்?

நவம்பர் 18, செவ்வாய்

வெப்பமானி எடுக்க வேறு ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை, அவர் போகும் நாளில், ஏறினேன்.

9.50-க்குப் பதினொன்றாம் புள்ளி.

மரம் இல்லை.

நான் வழி தவறிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கையிலிருந்த ஜிபிஎஸ் இடம் சரி என்றது. சீகை மரம் ஒன்றுகூட இல்லை. அடிக்கட்டைகள், காய்ந்த கிளைகள், புதிதாக வெட்டிய தடத்தில் லாரிச் சக்கரம் உழுத சேறு. எதிர்ச்சரிவு வரை வெட்டவெளி. புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கட்டையின் மேல் நெட்டைக்காலி நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. என் நிரலின்படி அது இருக்க இயலாது. அது பாட்டுக்கு இருந்தது.

வெப்பமானியை வெட்டியவர்கள் தூக்கி எறிந்திருப்பார்கள் என்று தேடினேன். எறியவில்லை, அல்லது எறிந்ததை அவர் தேடி எடுத்திருக்கிறார். பழைய மரம் நின்ற இடத்தில் ஒரு கழி நட்டு, அதே உயரத்தில், அதே வடக்குப் பக்கம் பார்த்து, மேலே தகரத்துண்டு வளைத்து நிழல் கட்டி வைத்திருந்தார். யாரும் சொல்லி இதைச் செய்யவில்லை. இதற்கும் தாளில் கட்டம் கிடையாது.

அவர் ஒரு வாரமும் தவறாமல் இங்கே நின்றிருக்கிறார். நான் 6, 7, 8 என்று சிரிப்பான்களை இந்த வெட்டவெளியில் உட்கார வைத்திருக்கிறேன். அவரிடமே, அவர் முகத்துக்கு நேரே, இல்லாத மரத்தின் அடியில் ஒதுங்கினேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு கட்டையில் உட்கார்ந்தேன். அழவில்லை. எழுந்து கழியிலிருந்து வெப்பமானியைக் கழற்றினேன்.

இறங்கி வந்து அவருடைய தாள்களை எடுத்தேன். நான் முன்பக்கத்தை மட்டும்தான் ஏற்றியிருந்தேன். கட்டம் அங்கேதான் இருக்கிறது. திருப்பினேன். அக்டோபர் 21, புள்ளி 11, பின்பக்கம், பென்சிலில்: "மரம் வெட்டிட்டாக. 43 கட்டை. காட்டுக் குருவி எதுவும் வல்ல. கருவியத் தேடிக் கட்டிட்டேன்." அக்டோபர் 28: "இன்னும் வெட்டுறாக. பத்துல சத்தம் கேக்குது, அதனால கொறவு." நவம்பர் 4: "வெட்டி முடிஞ்சுருச்சு. நெட்டக்காலி சோடி."

பதினொன்றில் ஒத்துவராத எல்லாவற்றுக்கும் விடை ஒரு தாளின் முதுகில் இருந்திருக்கிறது. குறிப்புக் கட்டம் வேண்டாம் என்று நான் சொன்ன பிறகு அவருக்குக் கிடைத்த இடம் அதுதான்.

நவம்பர் 19, புதன்

வெப்பமானியின் பதிவு: அக்டோபர் 16 முதல் நண்பகல் வெப்பம் 19-இலிருந்து 27-க்குத் தாவியிருக்கிறது. கருவியும் அக்கா பக்கம்.

டாக்டரை அழைத்தேன்.

"சார், பதினொண்ணுல மரத்தை வெட்டியிருக்காங்க. அக்டோபர் நடுவுல. அக்கா எழுதினது சரி."

"ஐயோ. அப்படியா?" என்றார். பிறகு, அவர் முட்டாள் இல்லையே, "அப்ப உன் தாள்ல சிரிப்பான் எப்படி வந்துச்சு?" என்றார்.

இதுதான் இடம். வாசல் திறந்து கிடந்தது. உள்ளே போக ஒரே ஒரு வாக்கியம் போதும்.

"எதிர்ச்சரிவுல கத்தினது சார். சத்தத்தை வச்சு எழுதினேன். தூரம் தப்பாக் கணிச்சிருக்கேன்."

"மரம் வெட்டினதை நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"குறிப்பு எழுதக் கட்டம் இல்ல சார்."

இதைச் சொன்ன வாய் என்னுடையது.

டாக்டர் யோசித்தார். "சரி. பதினொண்ணை மட்டும் நீக்கிரு. வாழிட மாற்றம்னு அடிக்குறிப்பு போட்டுரலாம். டிசம்பருக்குள்ள கட்டுரை போயாகணும்."

"அக்காவுக்கு அந்த லெட்டர்..."

"ஒன்பது, பத்து, பன்னெண்டும் ஒத்துவரலையேப்பா. அங்க மரம் இருக்குல்ல? ஒரு புள்ளிக்குச் சமாதானம் இருக்கு. மூணுக்கு இல்ல. நான் மனசு வச்சா மட்டும் போதாது."

அந்த மூன்றுக்கும் சமாதானம் நான்தான். அங்கே அவர் எண்ணினார், நான் எண்ணவில்லை. உண்மையோடு கற்பனையை ஒப்பிட்டால் நூற்றுக்கு 35 வருவதே அதிகம்.

பாதி உண்மை யாரையும் காப்பாற்றாது என்று கண்டுகொண்டேன். தப்பு. என்னைக் காப்பாற்றியது.

நவம்பர் 20, வியாழன்

காரணங்களை எழுதிப் பார்த்தேன். முழங்கால். மழை. நான் இந்த வேலைக்கு எடுக்கப்பட்டவன் அல்ல. நான்கு வாரம் என்பது பெரிதல்ல. எல்லோரும் எங்கேயோ இப்படிச் செய்கிறார்கள். எழுதி முடித்துப் படித்தால், எழுதியவனை வேலைக்கு வைக்க எனக்கே மனசு வரவில்லை.

அக்கா அதே மழையில், அதே அட்டைக் கடியில், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், போய்வந்தார். நான் அதை நம்பவில்லை. நான் போகாத இடத்துக்கு இன்னொருவர் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொய் எழுதியதைவிட இதுதான் என்னைக் கூச வைக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

செவ்வந்தி அக்கா வீட்டுக்குப் போனேன். ஊரின் மேல் கோடியில், பூண்டு வயலை ஒட்டி. முற்றத்தில் சாக்கு விரித்து விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நின்றேன்.

"அக்கா, ஒன்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் நான் போகல. முதல் வாரம் மட்டும்தான் போனேன். அப்பறம் நாலு வாரம் கொட்டகையில உக்காந்து எழுதினேன்."

கை நிற்கவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"மரத்தடியில நின்னேன்னு சொன்னியே. கட்டைக்கு ஏதுப்பா நெழலு?"

இதுவரை அவர் என்னை நீ என்று சொன்னதில்லை.

"தெரிஞ்சும் ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"சொன்னா? படிச்ச புள்ள எழுதுன தாளு ஒரு பக்கம், அஞ்சாப்பு எழுதுன தாளு ஒரு பக்கம். அவரு எதப் பாப்பாரு? அதுவும் வேலைய விட்டு நிப்பாட்டுன பெறகு போய்ச் சொன்னா, வயித்தெரிச்சல்ல சொல்றாம்பாக." ஒரு பூண்டை எடுத்துத் தரையில் தட்டி உடைத்தார். "எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. போகலன்னா போகலன்னு எழுதியிருக்கலாம்ல? வெத்துத் தாளா வச்சிருந்தா யாரு ஒன்னியத் தூக்குல போடப் போறா? மழைன்னு நானும் ரெண்டு வருசம் முன்னாடி ஒரு வாரம் வெத்துத் தாளு குடுத்தேன். டாக்டரு ஒண்ணும் சொல்லல."

வெற்றுத்தாள் என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"மன்னிச்சிருங்க அக்கா."

அப்போதுதான் கையை நிறுத்தினார்.

"எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போனா ஒனக்கு நெஞ்சு லேசாவும். எனக்கு என்ன ஆவும்? திங்கக்கெழம பத்தரைக்கு ரேஞ்சர் ஆபீஸ்ல கூப்புட்டுருக்காக. கடுதாசி எங்கன்னு கேப்பாக. இல்லன்னு சொல்லுவேன். ஏன் குடுக்கலன்னு கேப்பாக. என்னத்தச் சொல்ல? நாலு வருசம் எண்ணுனவளுக்குக் கடுதாசி குடுக்கலன்னா, இவ களவாணின்னுதான நெனப்பாக?"

"நான்..."

"ஏற்கெனவே தெரிஞ்ச ஆளுகிட்ட வந்து நிக்கிற. தெரியாதவுககிட்டப் போய்ச் சொல்லு. அங்க போய்த் தலையத் தொங்கப் போடு. இங்க வெயில மறைக்காத, பூண்டு காயணும்."

நகர்ந்துகொண்டேன். அவர் சொன்னது சரி. நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. இங்கேயே முடிந்துவிடும், டாக்டர் வரைக்கும் போக வேண்டியிராது என்ற ஆசையில்தான் போனேன். திரும்பி நடக்கும்போதுதான் அது எனக்கே தெரிந்தது.

நவம்பர் 22, சனி

காலை 7.20. டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியை எடுக்கமாட்டார். ஆகவே இன்றைக்கே.

1. 8.00: டாக்டருக்கு அழைப்பு. முதல் வாக்கியமே "நான் போகவில்லை" என்று இருக்க வேண்டும். புதன்கிழமை சொன்ன எதிர்ச்சரிவுக் கதையும் பொய் என்பது இரண்டாவது வாக்கியம். மழை, முழங்கால் இரண்டையும் வாயில் எடுக்கக்கூடாது.

2. என் தாள்களில் 16: நான்கு வாரம், நான்கு புள்ளி. ஒவ்வொன்றின் குறுக்கேயும் "போகவில்லை" என்று எழுதி, கையெழுத்திட்டு, படமெடுத்து 9.00-க்குள் அனுப்புவது. 16-ம் கையால். ஒன்றை எழுதி நகலெடுக்கக்கூடாது.

3. நவம்பர் 11 அறிக்கையைத் திரும்பப் பெறுவது. அந்த வாக்கியத்தை நீக்கினால் போதாது. அதே இடத்தில்: "மேல் நான்கு புள்ளிகளில் முதல் கணக்காளரின் தாள்கள் புனையப்பட்டவை. பெயர்: தினகர்." கட்டுரை டிசம்பரில் போகாமல் போகலாம். போகாது.

4. அக்காவின் தாள்களின் பின்பக்கம் முழுவதையும் படமெடுத்துச் சேர்ப்பது. வெப்பமானிப் பதிவும்.

5. கடிதம் இன்று மாலைக்குள் வேண்டும் என்று டாக்டரிடம் கேட்பது. என் வேலை என்ன ஆகும் என்பதை அதே பேச்சில் கேட்கக்கூடாது.

6. கடிதம் வந்தால் ரேஞ்சர் அலுவலகத்துக்கு நேரடியாக. வராவிட்டால் திங்கள் காலை 9.30-க்கு, அக்கா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், 16 தாள்களோடு நான் அங்கே போய், கடிதம் ஏன் இல்லை என்று ரேஞ்சரிடம் சொல்வது. பத்தரைக்குள் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும்.

7. இவற்றையெல்லாம் செய்துவிட்டேன் என்று அக்காவிடம் போய்ச் சொல்லக்கூடாது.